அத்தையின் டிரான்சிஸ்டர்

எங்கள் பக்கம் டிரான்சிஸ்டர் என்றால் ரேடியோப்பெட்டிதான். அதற்குள்ளே மூன்று கால் பூச்சி மாதிரி ஒன்று இருப்பதும், அதற்கும் அதே பெயர் என்பதும் மாமாவுக்கு மட்டும் தெரியும். மாமா, மூடிப்போன மில்லில் வயர்மேனாக இருந்தவர். அந்த மில்லிலிருந்து காயலான் கடைக்குப் போன பீரோ அளவுப் பழைய கம்ப்யூட்டரைப் பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரி சார் வாங்கி, மாமா வீட்டிலேயே இறக்கிவிட்டார். ஓட வைத்துக் காட்டினால் லேபில் வேலை என்றும் சொல்லிப் போனார்.

ஒரே ஒரு டிரான்சிஸ்டர்தான் செத்திருந்தது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு மாமாவோடு நானும் காளவாசலில் கடை கடையாக ஏறினேன்.

"அண்ணே, இது எங்கப்பா காலத்துச் சரக்கு. அவரே போயிட்டாரு" என்று ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பிறகு வேலை கேட்டுப் போன எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

அத்தைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, கட்டிலோடு கிடந்தாள். மாமா புலம்புவதைக் கேட்டவள், "ஒரு டிரான்சிஸ்டருக்கா இம்புட்டு அலைச்சல்? இந்தாங்க" என்று தலைமாட்டிலிருந்த ரேடியோவை எடுத்து நீட்டினாள். கல்யாணச் சீரில் வந்தது. பகலெல்லாம் அவளுக்கு அதுதான் பேச்சுத்துணை.

"கிறுக்கி, இது இல்லடி" என்று மாமா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே பின்பக்கத்தைக் கழற்றினார். சிரிப்பு நின்றது. உள்ளேயிருந்த மூன்று கால் பூச்சியின் மேல், நாங்கள் கடை கடையாகத் தேடிய அதே நம்பர்.

"ரெண்டு நாள்ல வேற போட்டுத் தாரேன்."

"மெதுவாப் போடுங்க. நான் எங்க ஓடவா போறேன்?"

ரேடியோவிலிருந்து எடுத்ததைப் பற்றவைத்ததும் கம்ப்யூட்டரில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. தெருவே வந்து பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பூச்சியும் கருகி, தீய்ந்த வாடை. எல்லாம் அணைந்துபோனது.

வண்டியோடு வந்த சாரிடம், இனி ஓடாது என்றார் மாமா. "பரவால்லப்பா, கண்ணாடிக்குள்ள காட்சிக்கு வைக்கத்தான" என்று சார் ஏற்றிக்கொண்டு போனார். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, மாமாவும் கேட்கவில்லை.

மாமா மாட்டுத்தாவணியில் பூ மூட்டை தூக்கப் போனார். அந்த நம்பர் கடைசிவரை கிடைக்கவில்லை. புது ரேடியோ வாங்குவதும் தள்ளிக்கொண்டே போனது. செத்த பெட்டி அத்தையின் தலைமாட்டிலேயே இருந்தது.

வேலை முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமா சத்தம் போடுவார். "என்னடி, தெருமுனை வரைக்கும் கேக்குது. சத்தத்தைக் கொறை."

அத்தை கையை நீட்டிக் குமிழைத் திருகுவாள். "நல்ல பாட்டுங்க. நீங்களும் செத்த உக்காந்து கேட்டாத்தான் என்ன?"

மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார்.

இரண்டு பேருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு ஓடி, அம்மாவிடம் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டிச் சிரித்தேன். அம்மா கையிலிருந்த கரண்டியாலேயே ஒன்று போட்டாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.