ஆப்பிள் போட்ட கோழி

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. என் கணவரைப் பார்க்க வந்தவர்களும் ஆளுக்கொரு பை பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஆப்பிள், சாத்துக்குடி, கறுப்புத் திராட்சை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன இரும்பு அலமாரி நிறைந்து, அதன் தலைமேலும் நிறைந்தது. மிச்சத்தை ஒயர் கூடையில் போட்டு நான் ராயபுரத்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் அடுக்கினேன். அவர் இறந்த பிறகும் அவை அங்கேயே இருந்தன. திராட்சையை மட்டும் யாரோ தூக்கிப் போட்டிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

அவர் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தார். நல்ல உடம்பு. மழைக்காலம் தொடங்கியதும் எங்கள் பக்கத்தில் பல பேருக்கு மஞ்சள்காமாலை வந்தது, அவருக்கும் வந்தது. மற்றவர்கள் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு எழுந்து வேலைக்குப் போனார்கள். இவருக்கு மட்டும் இறங்கவே இல்லை. கண் மஞ்சள், நகம் மஞ்சள், படுத்திருந்த வேட்டியிலும் மஞ்சள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எண்ணெய் கூடாது, கறி கூடாது, பழமும் கஞ்சியும்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் பழத்துக்கும் பயம், அச்சத்துக்கும் பயம். அவர் படுத்தபடியே வருகிறவர்களைக் கிண்டல் செய்வார். "எவனப் பாரு, பயத்தத் தூக்கிகினு வரான். ஒரு கோயிக்கால எவனாவது எத்தாந்தானா?" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

பிறகு ஒரு விடியற்காலையில் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆனது என்பதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கல்லறையில் எல்லோரும் அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை. குழிக்குள் கயிற்றால் பெட்டியை இறக்கியவரின் ஒரு கால் செருப்பில் மட்டும் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்துப் போர்ஷன் அக்கா என் தோளைப் பிடித்து, "அயுதுடும்மே, உள்ள வச்சிக்காதே" என்று உலுக்கினாள். உள்ளே எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தெருவில் முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். சாம்பாரா ரசமா என்று தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒருநாள் சுடச்சுட டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் விரலில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறது என்று புரிந்தது.

வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமியார் சந்தையில் மீன் விற்றவர், வாய் ஓயாதவர். ஆனால் எங்கள் இருவருக்கும் நேர்ப்பேச்சு குறைவு. நான் திருவொற்றியூர்க்காரி, வேறு சாமி கும்பிட்ட குடும்பம், தையல் கம்பெனிக்கு ரயிலில் போய்வந்த காலத்தில் அவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டவள். மாமியாருக்கு அதில் கோபம் என்று சொல்ல முடியாது, ஒரு கூச்சம். எனக்கும் அதே கூச்சம். அதனால் எல்லாமே என் கணவர் வழியாகத்தான் நடந்தது. "உம் பொண்டாட்டிய கொயம்புல உப்பு பாக்கச் சொல்லு" என்று மாமியார் அவரிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, "கேட்டுச்சா?" என்பார்.

இப்போது நடுவில் ஆள் இல்லை. ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் படுத்து எழுந்தோம். மாமியார் சந்தைக்குப் போகவில்லை. சாப்பாடு வந்தால் இரண்டு வாய் பிசைந்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார். நாளுக்கு நாள் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

சில வாரங்களில் தெருவிலிருந்து சாப்பாடு வருவது நின்றது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. நாங்கள் டீயும் ரொட்டியுமாக ஓட்டினோம். அப்படி இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியார் மாதா கோயிலில் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், கதவு தட்டிய சத்தம் கேட்டது. திறந்தேன். என் கணவரோடு வேலை செய்த தோஸ்து நின்றிருந்தார். கையில் கறுப்பு பாலிதீன் பை.

"இன்னா அண்ணி, எப்டி கீறீங்க?"

"கீறேன்."

"அம்மா இல்ல?"

"கோயிலுக்குப் பூட்டாங்க."

அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே பையை நீட்டினார். "ஒரு கோயி வாங்கியாந்தேன். ஞாயித்துக்கெயமைன்னா நானும் அவனும் ஒண்ணாத்தான் கடைக்குப் போவோம். இன்னிக்கும் காலு தானா அங்க பூட்ச்சி. தோலோடதான் வெட்டச் சொன்னேன். அவனுக்குத் தோலோட கீறதுதான் புடிக்..."

அத்தோடு நிறுத்திவிட்டார். தெருமுனையில் கன்டெய்னர் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "நா வரேன் அண்ணி, ஷிப்டுக்கு டைமாச்சு" என்று சொல்லி, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

பையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோழி காத்திருக்காது. கழுவினேன். கழுவின பிறகு சமைத்துத்தானே ஆகவேண்டும். மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தால் வண்டு. வெங்காயக் கூடையில் முளைவிட்டு அழுகிய இரண்டு மட்டும். தக்காளி இல்லை. கடை ஐந்தாறு வீடு தள்ளித்தான். ஆனால் அந்த ஐந்தாறு வீட்டு வாசலிலும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். "இன்னாம்மே, எப்டி கீற?" என்று ஒவ்வொருத்தியும் கேட்பாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பதில் சொல்லவேண்டும். அதற்கு என்னிடம் தெம்பு இல்லை. வீட்டில் என்ன இருக்கிறதோ அதை வைத்துச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஆப்பிள் தோல் சுருங்கியிருந்தது, ஆனால் கெடவில்லை. சாத்துக்குடி மேலே காய்ந்து கல்போல இருந்தது, அழுத்தினால் உள்ளே சாறு இருப்பது தெரிந்தது. வெங்காயம் இல்லையென்றால் இனிப்புக்கு ஆப்பிள். தக்காளி இல்லையென்றால் புளிப்புக்குச் சாத்துக்குடி. அவ்வளவுதான் யோசித்தேன். யாருக்காக வந்த பழம், யார் கேட்ட கோழி என்றெல்லாம் அந்த நேரத்தில் என் மனதில் ஓடவில்லை. நம்பினால் நம்புங்கள்.

மிளகும் பூண்டும் உப்பும் சேர்த்து அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டினேன். கறி என்றால் கை தானாக மஞ்சள்தூளுக்குப் போகும். போனது. டப்பாவைத் திறந்து, அந்த நிறத்தைப் பார்த்து, மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மீன் வறுக்கிற தட்டையான இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, துண்டுகளைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பினேன். சடசடவென்று வெடித்தது. கையில் எண்ணெய் தெறித்தது, கையை எடுக்கத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் தோலிலிருந்து கொழுப்பு உருகிச் சட்டியில் தேங்கியது. ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பிப் போட்டேன். இரண்டு பக்கமும் நன்றாகச் சிவந்த பிறகு துண்டுகளை எடுத்து ஒரு தட்டில் வைத்தேன். அந்தக் கொழுப்பிலேயே ஆப்பிளைத் தோலோடு பத்தை பத்தையாக அரிந்து போட்டேன். வெட்டின இடத்தில் பழுப்பேறி, ஓரம் கருகி, மெத்தென்று ஆனது. மறுபடி கோழியை அதன்மேல் அடுக்கி, சாத்துக்குடியை இரண்டாக வெட்டி அப்படியே பிழிந்தேன். புஸ்ஸென்று ஆவி முகத்தில் அடித்தது. ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி, தீயைக் குறைத்துவிட்டு, பக்கத்து அடுப்பில் உலை வைத்தேன்.

ஏதோ வாசனை வந்திருக்கவேண்டும். எனக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் பூசை முடிந்து வந்தார். முக்காட்டை எடுத்து மடித்தபடி மூக்கை உறிஞ்சினார். அடுப்புப் பக்கம் வந்து தட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"கோயியா? யாரு குட்த்தது?"

சொன்னேன்.

"இன்னாமே இது, உள்ள ஆப்பிளு கீது?"

"வெங்காயம் இல்ல அத்தே."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருக்கலாம். போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் சோறு போட்டு, ஒரு தொடைத் துண்டும் இரண்டு ஆப்பிள் பத்தையும் வைத்து, சட்டியில் இருந்த சாற்றைச் சோற்றின் மேல் விட்டுக் கொடுத்தேன். எனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

மாமியார் சோற்றைத் தொடவில்லை. தொடைத் துண்டையே பார்த்தார். பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்தது. துடைக்கவும் இல்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மே. சொல்லாம எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது."

"சொல்லுங்க."

"நீ வூட்டுக்குப் போய் குளிச்சிட்டு வரேன்னு போன இல்ல, ஒரு மத்தியானம். செம மழ. அன்னிக்கு எங்கையப் புடிச்சிகினு கெஞ்சினான்மே. எம்மா, ஒரே ஒரு துண்டும்மா, நாக்கு செத்துப்பூட்ச்சிம்மான்னு. எனக்கு மன்சு கேக்கல. எதுருல ஓட்டல்ல ஒரு துண்டு வாங்கியாந்து, பொடவையில மூடி எடுத்துகினு போய்க் குட்த்தேன். டாக்டரு வோணாம்னு சொல்லியும் குட்த்தேன். நாந்தான்மே கொன்னுட்டேன். பெத்தவ நானே எம் புள்ளையக் கொன்னுட்டேன்."

இத்தனை நாளும் மாமியார் தட்டை நகர்த்தியது இதனால்தான். நான் துக்கம் என்று நினைத்திருந்தேன்.

என்ன செய்திருக்கவேண்டும்? கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம், கோபப்பட்டிருக்கலாம். எனக்கு இரண்டும் வரவில்லை. ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளவேண்டும் போல இருந்தது.

"சாப்ட்டாரா?" என்று கேட்டேன்.

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "துன்னான்மே. எலும்பக்கூட வுடல. கடிச்சி உறிஞ்சிட்டு, வெரல நக்கிட்டு, அப்பால எங்கையத் தேடி எடுத்து அதையும் மோந்து பாத்தான்."

அது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. மஞ்சள் பூத்த நகங்களோடு அந்த விரல்கள். எனக்குள் எங்கோ ஒரு இடத்தில் லேசாக வலித்தது. மரத்துப்போன காலில் யாரோ தட்டினால் தூரத்தில் தெரியுமே, அந்த மாதிரி.

நான் சொன்னேன்: "அத்தே, பெரிய டாக்டர் என்னிய வராண்டாவுல கூப்ட்டு அதுக்கு முன்னாடியே சொல்ட்டாரு. ஈரல் பூரா போயிடுச்சி, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. நான்தான் உங்ககிட்ட சொல்லல. சொன்னா உங்க மூஞ்சியப் பாத்தே அவருக்குத் தெரிஞ்சிடும்னு."

"முன்னாடியேவா?"

"முன்னாடியே."

டாக்டர் சொன்னது உண்மை. அது மழை பெய்த மத்தியானத்துக்கு முன்னாலா பின்னாலா என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த நாட்கள் என் தலைக்குள் வரிசையாக இல்லை, எல்லாம் ஒரே நாளாகக் குவிந்து கிடந்தன. நன்றாக யோசித்திருந்தால் பிறகு கண்டுபிடித்திருக்கலாம். யோசிக்கவில்லை. இன்றுவரை யோசிக்கவில்லை.

மாமியார் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தட்டைக் கிட்டே இழுத்தார். ஒரு வாய் பிசைந்து போட்டார். இன்னொரு வாய். ஆப்பிள் பத்தையை விரலால் நசுக்கிப் பார்த்து, சந்தேகத்தோடு நாக்கில் வைத்தார்.

"தித்திப்பா கீது" என்றார். கொஞ்சம் மென்ற பிறகு, "பரவால்ல. ஒரு பச்ச மொளகா கீறிப் போட்டிருக்கலாம்" என்றார்.

"இல்ல அத்தே. கடைக்குப் போவல."

"ஏன், கடை எங்க கீது, ஆந்திராவுலயா?"

அது திட்டு. முதல்முறையாக எனக்கே எனக்கென்று நேராக வந்த திட்டு. நானும் ஒரு வாய் எடுத்துப் போட்டேன். உப்பு தெரிந்தது. உப்பு மட்டும்தான், வேறெதுவும் இல்லை. உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

"போடட்டுமா?" என்று கேட்டேன். மாமியார் தட்டை நீட்டினார். இறக்கைத் துண்டையும் கழுத்தையும் வைத்தேன். கழுத்தை எடுத்து என் தட்டில் போட்டுவிட்டு, "நீ துன்னு" என்றார்.

சட்டி காலியானது. அன்று பாத்திரங்களை மாமியாரே எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் தேய்த்தார். தெருப் பெண்கள் ஏதோ கேட்டது காதில் விழுந்தது. "இன்னா ஆயா, கோயி வாசன தூக்குது?" என்றாள் ஒருத்தி. "ஆமா, எம் மருமவ ஆப்பிளப் போட்டு ஆக்கிச்சி. நீ ஆக்குவியா?" என்று மாமியார் பதிலுக்குக் கேட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். என் மரப்பு இன்னும் பல மாதம் இருந்தது. தையல் கம்பெனிக்குத் திரும்பப் போனேன், மெஷினில் உட்கார்ந்தேன், சம்பளம் வாங்கினேன், எல்லாம் யாருக்கோ நடப்பதுபோல. அழுகை வந்தது அடுத்த மழைக்காலத்தில், கும்மிடிப்பூண்டி ரயிலில், காரணமே இல்லாமல். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நூலைப் பல்லில் கடித்தபடியே நகர்ந்து, எனக்கு ஜன்னலோரம் இடம் விட்டார்.

மாமியார் அடுத்த வாரமே மீன் கூடையைத் தூக்கிவிட்டார். அதற்குப் பிறகும் பல வருஷம் நாங்கள் இருவரும் அதே போர்ஷனில் இருந்தோம். சண்டை போட்டோம். இரண்டு நாள் பேசாமல்கூட இருந்திருக்கிறோம். ஆனால் பேசும்போது நேராகப் பேசினோம்.