நாய் பிடித்த மகாராணி

ஆவணி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஏழேகாலுக்குச் சிவகாசியில் பஸ் ஏறினோம். விருதுநகருக்குப் பதினைந்து மைல்; டிக்கெட் பத்தணா. நான் லித்தோ என்கிற கல்லச்சு அச்சகத்தில் பிழை திருத்துபவன். பக்கத்தில் சங்கரலிங்க அண்ணாச்சி, வெடிக்கட்டு லேபிளுக்குக் கல்லில் படம் வரைபவர். பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் லேபிளைப் பார்த்தே வரைந்த மனிதருக்கு இப்போதுதான் சொந்தமாக ஒரு லேபிள் கிடைத்திருந்தது. பெயர் 'மகாராணி மார்க்'. அன்று சாயங்காலத்துக்குள் லேபிளுக்கு மகாராணி முகம் வராவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

விருதுநகர்ப் பள்ளிக்கூட மண்டபமொன்றில் ருஷ்ய மகாராணியையும் அவர் காலத்து வாழ்க்கையையும் பற்றிய மியூசியக் கண்காட்சி வந்திருந்தது. அட்டைகளெல்லாம் இங்கிலீஷில் என்பதால் என்னையும் இழுத்து வந்தார்.

திருத்தங்கல் தாண்டியதும் கரிசல் காடு. ஆமத்தூரில் கண்டக்டர் கேட்டார்: "தாளும் கலர் பென்சிலுமா எங்கன போறீக?"

"மகாராணியப் பாக்க" என்றார் அண்ணாச்சி. பஸ்ஸே சிரித்தது.

ஒன்பது மணிக்கு மண்டபம். தேநீர் கொதிக்கும் பித்தளைப் பாத்திரம், பூ வரைந்த மரத்தட்டு, நதிமேல் வாணவேடிக்கை காட்டும் பழைய சித்திரம். வேற்று நாட்டில் பிறந்து, சிறு வயதில் வந்து, மொழி கற்று, முப்பத்துநாலு வருஷம் ஆண்டவராம் அந்த அம்மாள். நான் வாசித்துக்கொண்டே நகர்ந்தேன். அண்ணாச்சி ஒரே படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அச்சில் நேராக விழ வேண்டுமென்று கல்லில் இடவலம் மாற்றி வரைந்த பழக்கத்தில், தாளிலும் அப்படித்தான் வரைவார்.

பதினொன்றரைக்கு எட்டிப் பார்த்தேன். முத்துக் கோத்த கிரீடம், செக்கச்செவேலென்று உடை. அருமையாக வந்திருந்தது. பிறகு அட்டையை வாசித்தேன்: 'கல்யாண உடையில் ஒரு குடியானவப் பெண்'.

"அண்ணாச்சி, இவ மகாராணி இல்லே."

"தலையில இம்புட்டு முத்து வச்சிருக்கா, இல்லேங்கீகளா?"

எதிர்ச் சுவரைக் காட்டினேன். சாதாரண நீலக் கோட்டில், நாயோடு, ஒரு வயதான அம்மாள்.

"இந்த நாய் புடிச்ச அம்மாவா? இவுகள ஒட்டுனா எவன் வெடி வாங்குவான்?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "மொதமொதல்ல நானாத் தேடி வரைஞ்சது. தப்பாப் போச்சே."

மண்டபம் சாத்த ஒரு மணி நேரந்தான் இருந்தது. நீலக் கோட்டை வரைய ஆரம்பித்தார், கை ஓடவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, முதலில் வரைந்த படத்தையே சுருட்டிக்கொண்டார்.

மூன்று மணிக்குச் சிவகாசி. பஸ் நிலையத்துக்கே வந்து நின்ற முதலாளி படத்தை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இங்கிலீசு படிச்சவுக நீங்க சொல்லுங்க. இது நெச மகாராணிதான?"

அண்ணாச்சி தரையைப் பார்த்து நின்றார். அட்டையில் பெயர்கூட இல்லாத அந்தப் பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்தேன்.

"ஆமா மொதலாளி, மகாராணியேதான்" என்றேன்.

எத்தனையோ ஆயிரம் பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். தெரிந்தே அச்சுக்கு அனுப்பியது அது ஒன்றுதான்.