காலிக் குடங்கள் குடித்த இரைச்சல்

இதை எழுதலாமா என்று சில வருஷமாகவே தயக்கம். பக்தியுள்ளவர்கள் வருத்தப்படுவார்கள், படித்தவர்கள் சிரிப்பார்கள். நானோ பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் போன ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் என் மனைவி பிலோமி பாயில் சாய்ந்தாள், அப்படியே தூங்கிப்போனாள். அந்த முகத்தைப் பார்த்தபோது, எழுதிவிடுவோம் என்று தோன்றியது.

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு ஐஸ் பேக்டரி. கம்ப்ரஸர் ‘ம்ம்ம்...’ என்று ஒரே சுதியில் ஓடும். எனக்குப் பழகிவிட்டது. தலையில் ஆபரேஷன் ஆகி வந்த பிலோமிக்கோ முடியவில்லை. கண்ணை மூடினால் மண்டைக்குள் மோட்டார் ஓடுகிறது என்று அழுவாள். தூங்காவிட்டால் உடம்பு தேறாது என்றார் டாக்டர். வீட்டை விற்க ஆள் பார்த்தேன். வேறு என்ன செய்ய?

மாதாவிடம் மன்றாடினேன். ஒரு நாள் சத்தம் அடங்கியது! வெளியே மெஷின் ஓடுகிறது. பிலோமி படுக்கும் பின்னறைக்குள் மட்டும், யாரோ கம்பளியால் பொத்தியதுபோல் ஓர் அமைதி... பிலோமி தூங்கினாள். மறுநாள் திரும்பவும் ‘ம்ம்ம்...’ நான் என்ன பாவம் செய்தேன்? யாரைத் திட்டினேன்? பட்டினி கிடந்து ஜெபமாலை சொன்னேன். சத்தம் போகும்... வரும்.

பிலோமிதான் கேட்டாள்: “ஏங்க, உங்க பாவமும் குழாய்த் தண்ணியும் ஒரே நாள்லயா வருது?”

“ஏளா, வெளையாடாத.”

“குடமெல்லாம் நெறஞ்சா இரையுது. காலியானா அடங்குது. பாத்துட்டுதான் சொல்லுதேன்.”

தூத்துக்குடியில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வரும் நாளில் பிடித்துவைக்க, பின்னறைச் சுவரோரம் குடங்கள் வரிசையாக நிற்கும். அன்றே தண்ணீரையெல்லாம் முற்றத்து டிரம்மில் ஊற்றினோம். பக்கத்து வீட்டு ரீத்தா மதினியிடமும் குடம் கேட்டேன்.

“என்ன கொழுந்தனாரே, வீட்டுல கல்யாணமா?”

காலிக் குடங்களை அடுக்க அடுக்க, சத்தம் கரைந்தது. ஒரு குடத்தின் வாயருகே உள்ளங்கையை வைத்தேன். உள்ளிருந்து காற்று மெல்லத் துடித்தது — தூங்கும் குழந்தையின் மூச்சு மாதிரி.

காலேஜில் பிசிக்ஸ் சொல்லித்தரும் என் தங்கை மகள் போனில் விளக்கினாள்: “மாமா, குடத்துக்குள்ள இருக்க காத்துக்கு ஒரு சுதி உண்டு. மெஷின் சுதி அதோட பொருந்திட்டு. அந்தச் சத்தம் வந்ததும் உள்ள காத்து கூடவே ஆடி, அத வாங்கிக்கிடுது. இதே மாதிரி குட்டிக் குட்டிப் பொந்து வச்சு இப்ப சுவரே செய்தாவ. தண்ணி ஊத்துனா சுதி மாறிரும்.”

வீட்டை விற்கவில்லை. ரீத்தா மதினிக்குத்தான் கோபம். “மாதா செஞ்ச புதுமைய, அற்புதத்த, குடம் செஞ்சிச்சிங்கியளே!”

“அந்த மெஷினுக்கும் இந்தக் குடத்துக்கும் ஒரே சுதிய வச்சது யாரு மதினி?”

நிறைய வேண்டும், நிறைய வேண்டும் என்றே இத்தனை காலம் ஜெபித்திருக்கிறேன். காலியாக இருந்ததற்காக நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

படித்தவர்களே, நாலு பேரிடம் சொல்லுங்கள். மாதாவை விட்டுவிட்டும் சொல்லாதீர்கள், குடத்தை விட்டுவிட்டும் சொல்லாதீர்கள். நடந்தது நடந்தபடி போகட்டும்... தயவுசெய்து, யாரும் அதில் எதையும் ஊற்றிவிடாதீர்கள்!