கருநாக்கு

பாறைக்கடியில் தண்ணீரும் எண்ணெயும் வெப்பமும் எப்படி நகரும் என்று கம்ப்யூட்டரில் கணித்துச் சொல்வதுதான் பல வருடங்களாக என் வேலை. போடிமெட்டுச் சரிவிலுள்ள தன் ஏலத்தோட்டத்தில் போர்வெல் போட மாமா ஓர் இடம் குறித்திருந்தார். சுற்றியுள்ள கிணறுகளின் விவரங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இங்க தண்ணி கெடையாது மாமா” என்றேன். அவர் கேட்கவில்லை. போர்வெல் லாரி வந்ததும் சூடம் கொளுத்தி, என்னையே தேங்காய் உடைக்கச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சாயங்காலம் வரை குழியிலிருந்து வெள்ளைப் புழுதிதான் வந்தது.

“ஒங் கருநாக்கு பலிச்சிருச்சுல்ல ஆத்தா” என்றார் மாமா.

நான் வேலை பார்க்கும் எண்ணெய்க் கம்பெனியில் மேலதிகாரியும் இதைத்தான் நாசூக்கான ஆங்கிலத்தில் சொல்வார்.

மறுவாரம் மாமா அதே லாரியை வரவழைத்து வேறு இடம் காட்டினார். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

“இங்கயும் கெடையாது மாமா” என்றேன், இந்த முறை லாரிக்காரருக்கும் கேட்கும்படி.