மறுபடியும் கேட்ட புத்தகங்கள்

வாடகை நூல்நிலையம் நடத்துகிறவன், கொடுத்த புத்தகம் திரும்பி வருமா என்று வாசலைப் பார்த்தே காலம் தள்ளுகிறவன். இரவல் கொடுத்துத் தொலைத்த உங்களுக்கு இது புரியும். எழுபதுகளின் கடைசியில் அரியலூர் ஸ்டேஷன் பக்கம் எனக்கு அப்படியொரு கடை இருந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வாடகைக்கு விடுவேன். மத்தியானத்தில் தூரத்தில் கூட்ஸ் வண்டி நகர்வதே தெரியாமல் நகரும். கையில் புத்தகத்தோடு நானும் எங்கோ போய்க்கொண்டிருப்பேன்.

மழையும் வெயிலும்

ரயில்வே கேட்டில் வேலை பார்த்த அந்தோணி ஒரே நாவலைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போவார். ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தெரிந்த ஊருக்குள் நடந்து போகிறவர் மாதிரி நிதானமாகப் படிப்பார். "அலமாரி நிறைய புதுசு இருக்கே அண்ணே" என்றேன்.

"போன தடவ படிச்சப்ப மழை தம்பி. இப்ப வெயிலு. அதே கதையாவா இருக்கும்?"

கரையானுக்கு ஒரு கும்பிடு

சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த மல்லிகாவுக்கு ஒரு தொடர்கதை மேல் கொள்ளை ஆசை. அதன் கடைசி அத்தியாயத்தைக் கரையான் தின்றிருந்தது. முடிவே இல்லாத கதையை இந்தப் பெண் எத்தனை தரம்தான் படிக்கும் என்று மனசு கேட்காமல், திருச்சிப் பழைய புத்தகக் கடையில் தேடி முழுசாக ஒன்று வாங்கி வந்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட பெருமை எனக்கு. மறுநாளே அது திரும்பி வந்தது.

"அந்தக் கரையான் தின்னதையே குடுங்க சார். இதுல கடைசியில அந்தக் கதாநாயகிக்குக் கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்க."

ஒட்டிய காகிதம்

இனி என் கதை. புனைபெயரில் நான் எழுதிய சிறுகதை ஒன்று பத்திரிகையில் வந்திருந்தது. ஒரு பெண் பெரம்பலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கதை. அதை வேறு கதைகளோடு சேர்த்து பைண்டு செய்து, யாரிடமும் மூச்சு விடாமல் வாடகைக்கு விட்டேன். யாராவது ஒருவர் அதை இன்னொரு முறை கேட்டால் நான் எழுத்தாளன். இல்லையென்றால் பேனாவை மூடிவிடுவது என்று தீர்மானம். எடுத்தவர்கள் எல்லாரும் ஒழுங்காகத் திருப்பித் தந்தார்கள். முதல்முறையாக, புத்தகம் திரும்பி வருவது எனக்கு வலித்தது.

மல்லிகா மட்டும் வாயைத் திறந்தார். "பஸ் வர்ற வரைக்கும் நல்லாருக்கு சார். அப்புறம் எழுதினவரு பேச ஆரம்பிச்சுடறாரு." சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் போகும் பஸ்ஸில், யாரோ எழுதியதைப்போல் அதைப் படித்தேன். ஜன்னலுக்கு வெளியே பருத்திக்காடு மெல்லச் சுழன்று போனது. பஸ் வந்து நின்ற வரியில் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தே விட்டாள். அடுத்த பத்தியில் நான் குறுக்கே புகுந்து, பெண்களின் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்து அவளை இறக்கி விட்டிருந்தேன். மனப்பாடமாகத் தெரிந்த கதைதான். ஆனால் அன்றைக்குத்தான் படித்தேன். வெட்கமாக இருந்தது.

கடைக்கு வந்ததும் அந்தப் பத்தியின் மேல் பழுப்புக் காகிதத்தை ஒட்டி, மல்லிகாவிடமே மறுபடி கொடுத்தேன். கெடு முடிந்தும் புத்தகம் வரவில்லை. ஒரு சாயங்காலம் வெறும் கையோடு வந்து நின்றார்.

"இன்னும் ஒரு வாரம் எங்கிட்டயே இருக்கட்டும் சார், மறுபடி படிக்கணும். அந்தக் காகிதத்த ஒட்டினது யாரோ, அவருக்குப் படிக்கத் தெரியும்."

எழுத்தாளன் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டவனுக்கு, கொஞ்சம் மைதாப் பசையில் வாசகன் என்ற பெயர் கிடைத்தது.