அபிப்பிராயம் சொல்லாத கனகசுந்தரம்

“குழம்பு நல்லா இருக்குத்தானே?” என்று மனைவி கமலாதேவி கேட்டதும், கனகசுந்தரம் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார்.

“அப்பிடிக் கேக்கக் கூடாது. பதிலையும் கேள்விக்குள்ள வைச்சுக் கேக்கிறீர். ‘குழம்பைப் பற்றி என்ன நினைக்கிறியள்’ எண்டு கேக்கோணும்.”

“சரி, என்ன நினைக்கிறியள்?”

“ஒரு நாள் குழம்பை வைச்சு முடிவு சொல்லேலாது.”

“அப்ப எத்தினை நாள் வைக்கோணும்?”

“முப்பதுக்குக் குறையாமல்.”

கமலாதேவி சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். கனகசுந்தரம் தட்டை வழித்துச் சாப்பிட்டார். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞராகப் பதுளைக்கு வந்து, அங்கேயே ஓய்வும் பெற்றவர் அவர். சும்மா இருக்க முடியாமல் கொழும்பு ஆய்வு நிறுவனம் ஒன்றில் தரவு சேகரிப்பவராகச் சேர்ந்தார். பண்டாரவளை ஹோட்டலில் நடந்த பயிற்சி வகுப்புக்குப் போன மனிதர் வேறு, திரும்பி வந்த மனிதர் வேறு. பக்கச்சார்பு என்ற சொல்லை அங்கேதான் பிடித்துக்கொண்டார். இல்லை, அது அவரைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து யார் வீட்டிலும் தேத்தண்ணி குடிப்பதில்லை. குடித்தால் அந்த வீட்டுப் பதில் இனித்துவிடும் என்பது அவர் பயம். பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் கட்சி நிறங்கள் என்று உடுப்பதில்லை. பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் ஸரூக், அவர் படியேறும்போதே பையனைக் கூப்பிடுவார்: “சேர் வாறார். அந்தச் சாம்பல் கலரை எடு.”

குறைசொல்ல முடியாத ஒரு நேர்மையும் அவரிடம் இருந்தது. மற்றவர்கள் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள தேயிலைத் தோட்ட லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நாலு பேரைப் பிடித்துக் கேட்டுவிட்டு மத்தியானத்தோடு வீடு திரும்புவார்கள். கனகசுந்தரம் சீட்டுக் குலுக்கிப் போடுவார். மலையுச்சி லயம் விழுந்தால் மலையுச்சிக்கே ஏறுவார். “அட்டைக் கடிக்குப் பயந்து எழுமாற்று மாதிரியைக் கெடுக்கேலாது” என்பார், காலில் உப்புத் தேய்த்தபடி.

அப்படி விழுந்த சீட்டுத்தான் அவரை நமுனுகுலைப் பக்கத் தோட்டம் ஒன்றின் மேல் லயத்துக்குக் கொண்டுபோனது.

ஆய்வு மண்சரிவு பற்றியது. பாதித் தோட்டங்களுக்கு நிறுவனம் விழிப்புணர்வு வகுப்பு நடத்தி, அபாய அறிகுறிகள் அச்சிட்ட கையேடு கொடுத்திருந்தது. மீதிப் பாதிக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொன்ன இடத்துக்கும் சொல்லாத இடத்துக்கும் மக்களின் அறிவில் என்ன வித்தியாசம் என்று அளக்க வேண்டும். சொல்லாத பாதிக்குக் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். மேல் லயம் கட்டுப்பாட்டுக் குழுவில் இருந்தது.

வீட்டு முன் இஸ்தோப்பில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த டெப் கணினியைப் பார்த்துக் கனகசுந்தரம் வாசித்தார். எதிரே கொழுந்து பறித்துவிட்டு வந்த தனபாக்கியம், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள்.

“மண்சரிவு குறித்து உங்களுக்குள்ள அச்சம்: மிகக் குறைவு, குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம். எது?”

“மழ பெஞ்சா பயம். வெயில் அடிச்சா பயமில்ல. இன்னிக்கு மூட்டமா இருக்கு. நீங்களே ஒன்னப் போட்டுக்கங்க சேர்.”

“நான் போடேலாது. நீங்கள்தான் சொல்லோணும்.”

“அப்ப பின்னால வந்து பாருங்க. பாத்துட்டுச் சொல்றேன்.”

லயத்தின் பின்புறம் நிலம் நீளமாகப் பிளந்திருந்தது. தனபாக்கியம் குனிந்து கையை உள்ளே விட்டாள். “போன வாரம் வெரல்தான் போச்சு. இப்ப முழங்கை வரைக்கும் போகுது.” மேட்டில் நின்ற நிழல் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. கனகசுந்தரத்துக்குக் கையேடு மனப்பாடம். வெடிப்பு, சாய்ந்த மரங்கள். முதலாம் பக்கம், இரண்டாம் பக்கம்.

“நீங்க படிச்சவங்க. இன்னிக்கு இங்க படுக்கலாமா சேர்? ஒரு வார்த்த சொல்லுங்க.”

“நான் கேக்க மட்டும்தான் வந்தனான்.”

“இங்க வாரவங்க எல்லாரும் கேக்கத்தான் வாராங்க” என்று சொல்லிவிட்டுத் தனபாக்கியம் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மற்ற வீடுகளிலும் கேட்டு முடித்து இறங்கும் வழியில் கொழும்புக்குப் போன் எடுத்தார். நிறுவனத்தில் அவருக்கு மேலே இருப்பவன் ரஜீவ், அவருடைய மகன் வயதுக்காரன்.

“அங்கிள், ஒண்ணும் சொல்லிடாதீங்க. அவங்க கட்டுப்பாட்டுக் குழு. நீங்க சொன்னா முழு ஆய்வும் பழுதாப்போகும். ‘குறிப்புகள்’ பகுதியில எழுதி வைங்க, அறிக்கையில சேர்த்துக்கலாம்.”

“அறிக்கை எப்ப வரும்?”

“அடுத்த வருஷம்.”

கனகசுந்தரம் குறிப்புகள் பகுதியில் எழுதினார். பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, காலில் இருந்த சேற்றைக் கழுவ றோட்டோரப் பீலிக்குப் போனார். மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் அது. கண்ணாடிபோல விழ வேண்டியது, பால் தேத்தண்ணி நிறத்தில் விழுந்தது. மூன்றாம் பக்கம். ‘ஊற்று நீர் திடீரெனக் கலங்குமாயின் உடனடியாக வெளியேறவும்.’

தூறல் தொடங்கியது. பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் கூப்பிட்டான். கனகசுந்தரம் ஏறவில்லை. வந்த வழியே மலையேறினார். 

“வெளிக்கிடுங்கோ!” லயத்து முற்றத்தில் நின்று கத்தினார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “இண்டைக்கே, இப்பவே வெளிக்கிடுங்கோ. இது சரியும். நான் சொல்லுறன்!”

சிலர் சிரித்தார்கள். “கேக்க வந்த சேருக்கு என்னமோ ஆச்சு” என்றார் ஒருவர். தனபாக்கியம் சிரிக்கவில்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் இறங்கியதைப் பார்த்து, முனகிக்கொண்டே மற்றவர்களும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்கள். மறுநாள் விடிய, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்னரே மேடு இறங்கிவிட்டது. லயத்தில் பாதி மண்ணுக்குள் போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை, கோழிகளைத் தவிர. கனகசுந்தரத்துக்கு யாரும் மாலை போடவுமில்லை. “சேர் அவசரப்படுத்துனதாலதான் டிவிய விட்டுட்டு வந்தோம்” என்று ஒருவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ரஜீவ் முதலில் சத்தம் போட்டான். “மேல் லயமே மாதிரியில இல்லாமப் போச்சு அங்கிள். இனி அவ்வளவு பேரையும் ‘வீட்டில் இல்லை’ன்னுதான் பதியணும்!” சாயந்தரம் அவனே திரும்ப எடுத்தான். குரலில் உற்சாகம். “யோசிச்சுப் பார்த்தா இது நல்ல வாய்ப்பு. சரிவுக்கு முன் தரவு நம்மகிட்ட இருக்கு. நாளைக்கே போய் அதே கேள்விகளைக் கேளுங்க. ஒப்பிட்டுப் பார்க்கலாம்.”

மறுநாள் கனகசுந்தரம் போனார்.

பள்ளிக்கூட முற்றத்தில் தனபாக்கியம், மண்ணிலிருந்து தோண்டியெடுத்த கம்பளி ஒன்றை அலசிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

“வாங்க சேர். கேளுங்க.”

கனகசுந்தரம் டெப்பைத் திறந்தார். மண்சரிவு குறித்து உங்களுக்குள்ள அச்சம். கீழே ஐந்து கட்டங்கள், எதைத் தொட்டாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக ஒளிர்ந்தன. தனபாக்கியம் தண்ணீர் ஊறிக் கனத்த கம்பளியைத் தனியாளாகப் பிழியப் பார்த்தாள். அது அவள் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

அவர் டெப்பைப் பக்கத்திலிருந்த மர வாங்கில் கவிழ்த்து வைத்தார். சாம்பல் நிறச் சட்டைக் கையை மடித்துவிட்டு, கம்பளியின் மறுமுனையைப் பிடித்து, அவளுக்கு எதிர்ப்பக்கமாக முறுக்கத் தொடங்கினார்.