கிணற்றுப் பக்கம் வைத்த வெடி

புதிய கருங்கல் குவாரியின் முதல் சோதனை வெடியில் ஒரு குறையும் இல்லை. குறை, நான் தேர்ந்தெடுத்த இடத்தில் இருந்தது.

கிருஷ்ணகிரிக்கு மேற்கே அந்தக் குவாரியைத் திறப்பதற்குமுன், அதிர்வு பக்கத்து நிலங்களைப் பாதிக்குமா என்று பார்க்க ட்ரையல் ப்ளான் போடுவது என் வேலை. கெட்டிப் பாறை இருந்த கிழக்கு மூலையில் ஏழு குழி போட்டு வெடித்தோம். வைப்ரேஷன் மீட்டர் அனுமதித்த எல்லைக்குள்தான் காட்டியது. ஓசூர் ஆபீசிலிருந்து வந்திருந்த மேனேஜர் கை தட்டினார்.

மேற்கு வேலிக்கு அப்பால் நின்ற முனிரத்தினம்மா தட்டவில்லை. கல் கட்டிய அவருடைய கிணற்றை நம்பி ஒன்றரை ஏக்கர் தக்காளி நின்றது.

"ஏன் சார், நீங்க கல்லு எடுக்கப்போறது இந்தப் பக்கம். வெடிச்சுப் பாத்தது அந்தக் கோடியில. என் கிணறு நடந்துபோயி அங்க நின்னுக்குமா?"

சிரிப்பு வந்தது. தப்படி போட்டு எண்ணினேன். கிழக்கு மூலையிலிருந்து கிணறு 640 தப்படி. மேற்கு முனையிலிருந்து 190. சிரிப்பு நின்றுவிட்டது. முடிவு நன்றாக வரட்டும் என்று நல்ல பாறையாகத் தேடிப் போகிற பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. எனக்கு அது இருபத்தாறு வருடமாக இருந்திருக்கிறது.

மறுபடி செய்ய வேண்டும் என்றேன். மேனேஜர் முறைத்தார்.

"பாஸான பரீட்சைய யாராவது திருப்பி எழுதுவாங்களா சார்?"

"வேற பேப்பரை எழுதிட்டோம் சார்."

இரண்டு நாள் கொடுத்தார்.

கிணற்றில் இறங்கி விரிசல்களை எண்ணினேன்: பதினேழு. ஒவ்வொன்றின் குறுக்கேயும் மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒட்டினேன். விரிசல் அசைந்தால் பட்டை உடையும்.

"மோட்டார் பைப்புக்குப் பின்னால ஒண்ணு இருக்குதே, அது கணக்குல இல்லீங்களா?" என்று மேலிருந்து முனிரத்தினம்மாவின் குரல் வந்தது. பதினெட்டு.

மேற்கு முனையில் முதலில் ஒரே குழி, குறைந்த வெடிமருந்து. பிறகு மூன்று. பிறகு ஐந்து. ஐந்தில், கிணற்றோரம் வைத்த மீட்டர் எல்லையைத் தொடப் பார்த்தது. அதோடு நிறுத்தினேன்.

"இறங்குங்க சார், நானும் வரேன். தனியா எண்ணினா ஒண்ணை விட்டுடுவீங்க."

அவர் தெலுங்கில் எண்ணினார். "…பத்தெனிமிதி" என்று பதினெட்டில் முடித்தார். ஒரு பட்டையும் உடையவில்லை.

அந்தப் பக்கம் ஒரு தடவைக்கு மூன்று குழிதான் என்று ப்ளானைத் திருத்தி, அவர் முன்னாலேயே மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினேன். வேலை மெதுவாக நடக்கிறது. கிணறு நிற்கிறது.

ட்ரையல் ப்ளான் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நல்ல பாறையைத் தேடாதீர்கள். எதையாவது இழக்கக்கூடியவர் எந்தப் பக்கம் மிக அருகில் இருக்கிறாரோ, அந்தப் பக்கம் முதல் குழியைச் சின்னதாகப் போடுங்கள். எண்ணும்போது அவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.